பாட்டியின் ‘ஒரு கப்’ எத்தனை கிராம்?

குடும்பத்துப் பழைய குறிப்பைப் பார்த்துப் பண்டிகைக்குக் கேக்கோ குக்கீஸோ சுடும்போது, முதலில் காலை வாரிவிடுவது ‘கப்’தான். எழுதியவர் வீட்டு டீ கப்பில் அளந்திருக்கலாம். அதில் சுமார் 150 முதல் 180 மில்லி பிடிக்கும். இன்றைய அளவு கப் 240 மில்லி. மாவு, சர்க்கரை, வெண்ணெய் எல்லாவற்றையும் ஒரே கப்பில் அளந்தால் அவற்றின் விகிதம் மாறாது. முட்டை மட்டும் எண்ணிக்கையில் வரும். அதனால் கப் பெரிதானால் முட்டை பற்றாது, கேக் வறண்டு உதிரும்.

அள்ளும் விதமும் முக்கியம். டப்பாவுக்குள் கப்பை விட்டு அள்ளினால் மைதா அமுங்கி 150 கிராம்கூட ஏறிவிடும். ஸ்பூனால் நிரப்பி மேலே வழித்தால் 120, 125தான். நாலு கப்புக்கு 100 கிராம் வித்தியாசம்! தராசில் நிறுத்து, குறிப்பின் ஓரத்திலேயே கிராமில் எழுதிவிடுங்கள்.

‘மிதமான சூடு’ என்றால் 180 டிகிரி செல்சியஸ். வெறுமனே 350 என்றிருந்தால் அது ஃபாரன்ஹீட். ஏறக்குறைய 177 செல்சியஸ். ஃபேன் ஓடும் ஓவனில் 20 டிகிரி குறையுங்கள்.

சமையல் சோடா இல்லையென்று அதே அளவு பேக்கிங் பவுடர் போடுவதும் தப்பு. சோடாவின் வீரியம் மூன்று நான்கு மடங்கு. மாற்றிப் போட்டால் கேக் எழும்பாது. பவுடருக்குப் பதில் அதே அளவு சோடா போட்டாலோ சோப்பு வாடை அடிக்கும். பழைய பவுடரை வெந்நீரில் அரை ஸ்பூன் போட்டுப் பாருங்கள்: உடனே பொங்காவிட்டால் குப்பைக்குத்தான்.

குக்கீஸ் தட்டில் ஓடிப் பரவினால் பெரும்பாலும் வெண்ணெய்தான் காரணம். அவசரத்துக்கு உருக்கிவிட்டால், சர்க்கரையோடு எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்காது. விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகக் கூடாது. அந்தப் பதம் 18, 20 டிகிரியில் கிடைக்கும். பிசைந்த மாவை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அடுத்த ஈட்டைச் சூடான தட்டில் அடுக்காதீர்கள். ஓவனுக்குள் போகும் முன்பே உருகத் தொடங்கிவிடும்.

ஓரம் சிவந்து நடு இன்னும் மெத்தென்று இருக்கும்போதே வெளியே எடுக்க வேண்டும். ஆற ஆற இறுகும். முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள், இல்லையென்றால் காலையில் எல்லாம் நமத்துக் கிடக்கும்.