பீட் போட எந்த சாஃப்ட்வேர்?

பழைய லேப்டாப்தானா தம்பி? எல்.எம்.எம்.எஸ். போடு, இலவசம், நெட் இல்லாமலும் ஓடும். போன் மட்டும்தான்னா பேண்ட்லேப் ஆப். எஃப்.எல். ஸ்டுடியோ டிரையல்ல பாட்டை எம்பி3-யா எடுக்கலாம், ஆனா சேவ் பண்ணின புராஜெக்டைக் காசு கட்டாம மறுபடி திறக்க முடியாது. கிராக் பண்ணின திருட்டு காப்பி வேண்டாம், வைரஸ்தான் மிஞ்சும்.

எதை எடுத்தாலும் முதல்ல டிரம் கட்டங்களைப் பழகு, அதாவது ஒரு சுற்றுத் தாளத்தைச் சம துண்டாப் பிரிச்ச பெட்டி வரிசை. நம்ம குத்துக்கு 16 கட்டம் சரிப்படாது, 12 ஆக்கு. 1, 7-ல கிக் (கனமான ‘தும்’ அடி), 4, 10-ல கைதட்டல். கால் தானா ஆடும்.

சேம்பிள் பேக், அதாவது ரெடிமேட் ஒலித் தொகுப்பு எதுக்கு? பாம்பன்ல கரையேத்தின வள்ளத்துப் பலகையைத் தட்டிப் போன்லயே பிடிச்சேன், அருமையான கிக். காத்து மைக்குல மோதும். வள்ளத்து மறைவுல உட்காரு, மிச்ச இரைச்சலை ஈக்வலைசர்ல (சத்தத்தோட கனம், கீச்சைத் தனித்தனியா கூட்டிக் குறைக்கிற கருவி) 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. சத்தங்களை அளவாச் சேர்க்கிற மிக்ஸிங் எல்லாம் பிறகு.