தினசரிச் சொல் கணக்கு எட்டவில்லையா?

நவம்பரில் 30 நாளில் 50,000 சொல்லில் ஒரு நாவல் எழுதும் வழக்கத்திலிருந்து வந்ததுதான் ‘தினம் 1,667 சொல்’ என்ற கணக்கு. அது ஆங்கிலத்துக்கான அளவு. அங்கே மூன்று நான்கு சொல் பிடிப்பதைத் தமிழில் ‘போகவேண்டியிருந்தது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதே எண்ணைத் துரத்தினால் மூச்சு முட்டத்தான் செய்யும். முதல் வாரம் எண் எதுவும் வைக்காமல் தினம் ஒரு மணி நேரம் எழுதி, ஏழு நாள் சராசரியைப் பாருங்கள். 600 வந்தால் இலக்கு 650. ஒரேயடியாக 1,000-க்குத் தாவ வேண்டாம்.

பேனா நிற்பது பெரும்பாலும் திருத்துவதால்தான். எழுதும்போதே சந்தி பார்க்காதீர்கள். ஒற்று விடுபட்டால் விடுபடட்டும். ரயில் நேரமோ தெருப் பெயரோ தெரியாவிட்டால் கூகுளைத் திறக்காமல் ‘@@’ போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். நாவல் முடிந்தபின் அந்தக் குறியைத் தேடித் தேடி நிரப்பலாம்.

காட்சி முடியும் இடத்தில் அன்றைய வேலையை நிறுத்தாதீர்கள். ‘கதவைத் திறந்தவள்’ என்று பாதி வாக்கியத்தில் விட்டால் மறுநாள் கை தானாகத் தொடரும். ஒரு நாள் தவறிவிட்டதா? அந்த 650-ஐ மறுநாள் தலையில் ஏற்றாமல், அடுத்த 6 நாளுக்கு 110 வீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.