மூலிகைப் புகையும் வைரஸும்: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாம்பிராணி, நொச்சி, வேப்பிலைப் புகைக்கு வைரஸை அடக்கும் ஆற்றல் உண்டா என்று ஆராய வரும் மாணவர்களிடம் ஆண்டுதோறும் அதே தவறுகளைப் பார்க்கிறேன். கையுறை, முகக்கவசமெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

இலையில் இருப்பதைப் புகையில் இருப்பதாக எழுதுவது

நொச்சி எண்ணெயில் உள்ள வேதிப்பொருள்களின் பட்டியலைப் புகைக்குப் பொருத்தாதீர்கள். தணலில் பட்டதும் பல மூலக்கூறுகள் சிதைந்து, குவையகால், கிரெசால், ஃபார்மால்டிஹைடு என்று வேறு பொருள்கள் உருவாகும். தணலின் சூடும் இலையின் ஈரமும் மாறினால் புகையும் மாறும். இரண்டையும் குறித்து வையுங்கள்.

செல் செத்ததை வைரஸ் செத்ததாக எண்ணுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. வைரஸ் பெருக உயிருள்ள செல் வேண்டும். புகைச்சாறு (கரைப்பானில் பிடித்த புகை) செல்லையே கொன்றுவிட்டால் வைரஸ் எங்கே பெருகும்? வைரஸின் மரபணுவை அளக்கும் பிசிஆர் சோதனையில் எண்ணிக்கை சரியும், பார்க்க வெற்றி போலவே இருக்கும்.

ஒரு மாணவி சாம்பிராணிப் புகையைக் கரைப்பானில் பிடித்து, வீரோ செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் குரங்குச் சிறுநீரகச் செல்கள்) சோதித்து, கட்டுரையையும் எழுதி முடித்துவிட்டு வந்தார். "வைரஸ் விடாத செல்களில் இதே அளவு சாற்றை விட்டுப் பார்த்தீர்களா அம்மா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. அப்புறம் பார்த்தால், செல்கள் தட்டிலிருந்து பெயர்ந்து மிதந்தன. மாதக்கணக்கான உழைப்பு போயிற்று. செல்கள் உயிரோடு உள்ளனவா என்று காட்டும் எம்டிடி சோதனையை முதலிலேயே செய்திருந்தால் சில நாளில் தெரிந்திருக்கும்.

செல்களில் பாதியைக் கொல்லும் அளவை, வைரஸைப் பாதியாகக் குறைக்கும் அளவால் வகுங்கள். 10-க்கு மேல் வந்தால் தொடரலாம். 1-ஐ ஒட்டி வந்தால் கையில் இருப்பது வெறும் நஞ்சு. கரைப்பான் மட்டும் விட்ட செல்களும் வரிசையில் இருக்கட்டும்.

வைரஸோடு சாற்றை நேரடியாகக் கலந்து செயலிழக்க வைத்தேன் என்பதும் போதாது. 1955-இல் வந்த சால்க் போலியோ தடுப்பூசிக்கு வைரஸைச் செயலிழக்க வைத்ததே ஃபார்மால்டிஹைடுதான். புகையில் உள்ள அதே பொருள் மூச்சுக்குழாயையும் புண்ணாக்கும், புற்றுநோயும் உண்டாக்கும்.

சிலாக்சேன்

புகையிலுள்ள பொருள்களைப் பிரித்து அடையாளம் காட்டும் ஜிசி-எம்எஸ் கருவியின் பட்டியலில் இந்தச் சிலிக்கான் சேர்மம் வரும். மூலிகையில் கிடையாது. கருவியின் குழலிலிருந்து கசிவது. பட்டியலிலிருந்து நீக்குங்கள்.

"நோய் தீர்க்கும்" என்று தலைப்பு வைப்பது

செல் தட்டில் கிடைத்த முடிவுக்கு இப்படித் தலைப்பு வைக்காதீர்கள். அதை நம்பி, ஆஸ்துமா உள்ள பிள்ளையின் அறையில் யாராவது புகை போடுவார்கள்.