ஃபேர்மைல் கட்டிய பட்டறையின் வரலாற்றைத் திரட்டுவது எப்படி?

இரண்டாம் உலகப் போரின்போது, உல்லாசப் படகு கட்டிப் பிழைத்த பிரிட்டிஷ் பட்டறைகள் பல, ஃபேர்மைல் நிறுவனத்தின் வடிவமைப்பில் கடற்படைக்கு மோட்டார் லாஞ்ச் என்னும் சிறு போர்ப்படகுகளைக் கட்டின. அப்படி ஒரு பட்டறையின் வரலாற்றைத் திரட்ட உட்கார்ந்தால், படகின் ரகத்தை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். எந்த ஆவணத்தைத் தேடுவது என்பது அதைப் பொறுத்தது.

ஃபேர்மைல் பி ரகம் 112 அடி நீளம், இரண்டு ஹால்-ஸ்காட் பெட்ரோல் எஞ்சின். முந்தைய ஏ ரகத்தில் எஞ்சின் மூன்று. எஞ்சின் தட்டுப்பாட்டால் ஒன்றைக் குறைத்தார்கள். வேகமும் சுமார் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) ஆகக் குறைந்தது. ஃபேர்மைல் நிறுவனர் நோயல் மாக்லின் இங்கிலாந்தில் சர்ரேயின் காபம் ஊரிலிருந்து நடத்திய ஏற்பாட்டில், படகின் விலா எலும்பு போன்ற பிளைவுட் சட்டங்களை மரச்சாமான் பட்டறைகள் அறுத்துக் கொடுத்தன. நீளவாட்டு மரம் உட்கார வேண்டிய வெட்டுகூட முன்பே போட்டிருக்கும். படகுப் பட்டறை சட்டங்களை நிறுத்தி, குறுக்கும் மறுக்குமாக இரண்டு அடுக்கு மஹோகனிப் பலகை அடித்தது. ஆகவே பேரேட்டில் சட்டத்துக்கு மரம் வாங்கிய கணக்கு இல்லையென்றால், அங்கே படகே கட்டவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

அடுத்து, படகுக்கு ஒரு வரியாக அட்டவணை போடுங்கள்: பட்டறை எண் (பட்டறை தன் படகுக்குத் தந்த வரிசை எண்), கடற்படை எண், ஆர்டர் தேதி, நீரில் இறக்கிய தேதி, ஒப்படைத்த தேதி, கடைசியில் என்ன ஆனது. நீரில் இறக்கிய தேதி, ஒப்படைத்த தேதி இரண்டையும் ஒன்றாக்கினால் கணக்கு குழம்பும். எஞ்சினும் ஆயுதமும் வராமல், நீரில் இறங்கிய படகு காத்துக் கிடக்கும். பழுதுபார்க்க வந்த படகைக் கட்டிய கணக்கில் சேர்ப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு. பட்டறை எண் இல்லாத வரியைத் தனியே வையுங்கள்.

எண்கள்தான் பெரிய தலைவலி. ஃபேர்மைலின் டி ரகப் படகுகள் சில எம்ஜிபி (பீரங்கிப் படகு) என்று தொடங்கி, எண் மாறாமல் எம்டிபி (டார்பிடோ படகு) ஆயின. இரண்டு பெயரையும் தனித்தனிப் படகாக எண்ணிவிடுவார்கள். எச்டிஎம்எல் எனப்படும், துறைமுகக் காவலுக்கான 72 அடி மோட்டார் லாஞ்ச்களில் எண்ணே மாறும். இங்கிலாந்தின் பூல் துறைமுகத்தில் 1943-ல் கட்டிய 1387 எண் படகு, போருக்குப் பின் 3516 ஆகி, பிறகு மெடூசா என்று பெயர் பெற்றது. லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அட்மிரால்டி (கடற்படை நிர்வாகத் துறை) கோப்புகளைத் தேடும்போது பழைய எண், புது எண் இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.

புகைப்படத்தில் துப்பாக்கியை வைத்து ரகத்தையோ ஆண்டையோ சொல்லாதீர்கள். பி ரகத்தின் மேல்தளத்தில் திருகுத் துளையிட்ட எஃகுப் பட்டைகள் இருந்தன. டார்பிடோ குழாய், ஆழக்குண்டு, கண்ணிவெடி வாரும் கருவி என்று இரண்டு நாளில் மாற்றிப் பூட்டலாம். மேல்தள அமைப்பையும் உடலின் வளைவையும் பாருங்கள்.

கடைசியாகப் பழைய நில வரைபடத்தில் கொட்டகையை அளந்து பாருங்கள். பி ரகத்தின் அகலம் 18 அடிக்குச் சற்று மேல். சாரம் கட்டவும் ஆள் நடக்கவும் இருபுறமும் இடம் வேண்டும். கொட்டகையின் நீளம் 90 அடிதான் என்றால், 112 அடிப் படகைத் திறந்தவெளியில் கட்டியிருக்க வேண்டும், அல்லது கொட்டகையை நீட்டியிருக்க வேண்டும். நீட்டியிருந்தால் போருக்குப் பிந்தைய வரைபடம் அதைக் காட்டிக்கொடுக்கும்.