பூமி நடுவில் இருந்த கதை: சொல்லும்போது எங்கே சறுக்குகிறோம்?

"முன்னே எல்லாரும் பூமி தட்டை என்று நம்பினார்கள். கோப்பர்நிக்கஸ் வந்து, பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்றார். உடனே அவரை எரித்துவிட்டார்கள்." இந்தக் கதையைக் கேட்காதவர்கள் குறைவு. ஆனால் இதில் சறுக்கல்கள் பல. கோப்பர்நிக்கஸ் 1543இல், எழுபது வயதில், நோயில் விழுந்து இறந்தவர். 1600இல் ரோமில் எரிக்கப்பட்டவர் புருனோ என்ற இத்தாலியச் சிந்தனையாளர். அவர்மேல் சுமத்தப்பட்டவற்றில் பெரும்பாலானவை மதக் கோட்பாடு சம்பந்தப்பட்டவை.

தட்டைப் பூமியை முதலில் விட்டுவிடுங்கள். சந்திர கிரகணத்தில் நிலவின்மேல் விழும் நிழல் வளைந்திருப்பதைக் காட்டி, பூமி உருண்டை என்று அரிஸ்டாட்டிலே வாதிட்டிருக்கிறார். கி.பி. 150 வாக்கில் அலெக்சாந்திரியாவில், பூமியை நடுவில் வைத்து வானத்தைக் கணக்கிட்டு எழுதிய வானியலாளர் தாலமி இன்னும் ஒரு படி போய், வானத்தோடு ஒப்பிட்டால் பூமி வெறும் புள்ளி என்கிறார்.

அடுத்து, சூரியன் நடுவில் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை என எழுதுவது. இதுவும் தவறு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே அரிஸ்டார்கஸ் என்ற கிரேக்க வானியலாளர் அதைச் சொன்னார். ஏன் எடுபடவில்லை? கட்டைவிரலை நீட்டி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள், விரல் இடம் மாறும். பூமி நகர்ந்தால் நட்சத்திரங்களும் அப்படி நகர வேண்டுமே? நகர்ந்தன, ஆனால் கண்ணுக்கு எட்டாத அளவில். 1838இல் ஜெர்மன் வானியலாளர் பெசல் ஒரு நட்சத்திரத்தில் அதை அளந்தபோது கிடைத்தது ஒரு டிகிரியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அன்றைக்கு மறுத்தவர்கள் முட்டாள்கள் அல்ல.

பஞ்சாங்கத்தில் 'செவ்வாய் வக்கிரம்' என்று பார்த்திருப்பீர்கள். கிழக்கு நோக்கிப் போகும் கிரகம் நின்று, சில வாரம் பின்வாங்கி, மறுபடி முன்னே போகும். அந்த நாட்களில் செவ்வாய் பளிச்சென்றும் இருக்கும். தாலமியின் வழி இது: கிரகம் ஒரு சிறு வட்டத்தில் சுற்றும், அந்தச் சிறு வட்டத்தின் மையம் பூமியைச் சுற்றிப் பெரிய வட்டத்தில் போகும். சிறு வட்டத்தின் உள்பக்கம் வரும்போது கிரகம் பின்வாங்கும், பூமிக்குக் கிட்டவும் வரும். பின்வாங்கலும் பளிச்சும் ஒரே வட்டத்தில் அடங்கிவிட்டன! எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் வியப்புதான்.

அப்புறம், கோப்பர்நிக்கஸ் சிறு வட்டங்களை ஒழித்துவிட்டார் என்பதும் தவறு. பூமியே நகர்வதாக வைத்ததால் வக்கிரத்துக்கு அவை தேவைப்படவில்லை, சரி. ஆனால் வட்டப் பாதையைக் கைவிடாததால், கிரகங்களின் வேகம் கூடிக் குறைவதைக் காட்ட அவரும் சிறு வட்டங்களைச் சேர்த்தார். அவை போனது 1609இல் கெப்ளர் நீள்வட்டத்தைக் கொண்டுவந்த பிறகு.

நம் பக்கத்திலும் ஒரு சறுக்கல் உண்டு. ஆரியபட்டர் 499இல் சொன்னது பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்பது. படகில் போகிறவனுக்குக் கரை பின்னால் போவதுபோல, நட்சத்திரங்கள் மேற்கே போவதாகத் தெரிகிறது என்றார். ஆனால் அவர் கணக்கில் கிரகங்கள் சுற்றுவது பூமியைத்தான். கேரளத்து நீலகண்ட சோமயாஜி, 1500ஐ ஒட்டிய காலத்தில், ஐந்து கிரகங்கள் சூரியனையும் சூரியன் பூமியையும் சுற்றுவதாக வைத்தார்.

ஏறத்தாழ அதே அமைப்பை டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகி 1588இல் வெளியிட்டார். கலிலியோ கதையைச் சொல்லும்போது இவரை மறந்துவிடுகிறோம். 1610இல் கலிலியோ தொலைநோக்கியில் கண்ட வெள்ளி, தூரத்தில் சிறு முழுவட்டமாகவும் கிட்டத்தில் பெரிய பிறையாகவும் தெரிந்தது. தாலமியின் வெள்ளி எப்போதும் சூரியனுக்கு இந்தப் பக்கமே இருப்பதால் முழுவட்டம் ஆகவே முடியாது. ஆக, தாலமி தோற்றார். டைக்கோவின் வெள்ளியோ சூரியனைச் சுற்றுவது. அதுவும் இதே பிறைகளைத்தான் காட்டும். ஆகவே, பூமி நகர்கிறது என்று பிறைகள் மட்டும் நிரூபித்துவிடவில்லை.