ரஸ்டுக்கு மாறும்போது பலரும் செய்யும் தவறுகள்

சி மொழியில் எழுதிய பழைய நிரலின் ஒரு பகுதியை ரஸ்ட் என்ற நிரல்மொழியில் மாற்றி எழுதுவது நல்ல யோசனைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நம் லேப்டாப்பில் பில்ட் (நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றுவது) ஆகிவிட்டால் எல்லா இடத்திலும் ஆகும் என்று நினைக்கிறோம் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம்.

2021 பிப்ரவரியில் பைத்தான் மொழிக்கான மறையாக்கத் தொகுப்பான கிரிப்டோகிராஃபியின் 3.4 பதிப்பு வந்தது. அதை சோர்ஸிலிருந்து (மூல நிரலிலிருந்து) பில்ட் செய்ய ரஸ்ட் கம்பைலர், அதாவது ரஸ்ட் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கருவி, வேண்டும் என்றாகிவிட்டது. ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் வகைக்கு அப்போது ரெடிமேட் வீல் (முன்பே பில்ட் செய்த தொகுப்பு) கிடையாது என்பதால் அந்த லினக்ஸை நம்பியிருந்த கன்டெய்னர் (நிரலை அதன் தேவைகளோடு கட்டிவைக்கும் பொதி) பில்டுகள் வரிசையாக உடைந்தன. அவர்களுக்காவது ரஸ்டை நிறுவினால் போதும். ஆல்ஃபா, எச்பிபிஏ போன்ற பழைய செயலிகளில் (ப்ராசஸர்களில்) உட்கார்ந்திருந்தவர்களுக்கு நிறுவுவதற்கு ரஸ்டே இல்லை. காரணம் எளிது: ரஸ்ட் கம்பைலர், செயலிக்கான கட்டளைகளை உருவாக்கும் எல்எல்விஎம் என்ற மென்பொருளை நம்பி நிற்கிறது, எல்எல்விஎம்முக்குத் தெரியாத செயலியில் அதுவும் ஓடாது. சி-க்கான கம்பைலரான ஜிசிசி இவற்றையெல்லாம் பல வருடங்களாகத் தாங்கிவந்ததால், லினக்ஸ் இருந்தால் கம்பைலர் இருக்கும் என்று பழகிவிட்டோம்.

ரஸ்ட் ஆதரிக்கும் தளங்களின் (செயலி, இயங்குதளச் சேர்க்கைகளின்) பட்டியலில் நம் தளத்தின் பெயர் இருக்கிறதே என்று திருப்திப்படுவதும் தவறுதான். அங்கே மூன்று அடுக்கு உண்டு. முதல் அடுக்குக்குத்தான் டெஸ்ட் ஓட்டிப் பார்த்த உத்தரவாதம். இரண்டாவதற்கு பில்ட் ஆகும் என்பது மட்டும். மூன்றாவதற்கு அதுவும் இல்லை.

சரி, பில்ட் ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 01 00 00 00 என்று நான்கு பைட் கொண்ட ஒரு கோப்பை 32 பிட் எண்ணாக, செயலியின் சொந்த பைட் வரிசையிலேயே (எண்ணின் எந்தப் பைட் முதலில் வரும் என்ற முறை) படிக்கிறீர்கள். இன்டெல்லில் 1 வரும். ஐபிஎம் மெயின்ஃபிரேமின் எஸ்390எக்ஸில் 1,67,77,216 வரும். கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது, அப்புறம் கோப்பின் நீளம் அந்த எண்தான் என்று நம்பி நிரல் நினைவகத்தைக் கேட்கும். கோப்பின் பைட் வரிசை எது என்று நிரலிலேயே எழுதிவிடுங்கள், வேறு செயலியைப் போல நடிக்கும் க்யூஎமு மென்பொருள் வழியாக எஸ்390எக்ஸ் டெஸ்ட் ஒன்றை சிஐ-யில் (டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் அமைப்பில்) போடுங்கள். மெதுவாகத்தான் ஓடும், இரவில் ஓடட்டும். 32 பிட் மிப்ஸ், பவர்பிசி செயலிகளில் 64 பிட் அட்டாமிக் வகைகளே (பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் தொட்டாலும் குழம்பாத எண் வகைகள்) கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். இதிலாவது பில்டே நின்றுவிடும், அது ஒரு வகையில் நல்லது.

புதிய பதிப்பின் மேல் உள்ள மோகம் இன்னொன்று. டெபியன் 12 லினக்ஸில் உள்ள ரஸ்ட் 1.63. ஒரு சின்ன வசதிக்காக நேற்று வந்த பதிப்பைக் கேட்டால் டெபியன் 12 வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் வெளியே. குறைந்தபட்சப் பதிப்பை ரஸ்டின் பில்ட் கருவியான கார்கோவின் கோப்பில் எழுதி, அந்தப் பதிப்பிலேயே சிஐ ஓட்டுங்கள், இல்லையென்றால் நீங்கள் சேர்த்த ஏதோ ஒரு கிரேட் (ரஸ்ட் தொகுப்பு) சத்தமில்லாமல் அதை உயர்த்திவிடும்.

ரஸ்டை ஒரே வெளியீட்டில் கட்டாயமாக்காதீர்கள். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் 2.52 பதிப்பில் ரஸ்டை விருப்பமாக மட்டும் சேர்த்து, 3.0-ல் கட்டாயமாகும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அந்த இடைவெளியில் சி, ரஸ்ட் இரண்டையும் வைத்திருப்பது தலைவலிதான். பாதுகாப்பு ஓட்டையை ரஸ்டில் மட்டும் அடைத்துவிட்டு சி-யை மறந்தால், சி-யையே நம்பியிருக்கும் பழைய செயலிக்காரர்களுக்கு அன்றே ஆதரவை நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, அவர்களாவது வேறு வழி பார்த்திருப்பார்கள்.