மணலில் இறங்குமுன் டயர் காற்றைக் குறையுங்கள்

மொராக்கோவின் மெர்சூகா அருகிலுள்ள எர்க் செப்பி மணற்குன்றுகளுக்கு வழிகாட்டியுடன் மோட்டார் சைக்கிளில் செல்வோர், மணல் தொடங்கும் இடத்திலேயே நின்று, சாலைக்கென 30 பிஎஸ்ஐ அளவில் வைத்திருக்கும் டயர் காற்றை 18 வரை குறைத்துக்கொள்வது நல்லது. காற்று குறையும்போது டயர் நீளவாக்கில் தட்டையாகி எடையைக் கூடுதல் பரப்பில் தாங்குவதால், சக்கரம் மணலைத் தோண்டிப் புதையாமல் அதன் மேலாகவே உருள்கிறது. புதைந்த வண்டியை வெயிலில் இழுத்துத் தூக்கும் நேரமும், கிளட்ச் தேய்மானமும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குடிநீரும் மிச்சமாகும். ஆனால் ஹமாடா எனப்படும் கல்தரையில் காற்றைக் குறைத்து ஓட்டவே கூடாது. கல்லில் மோதும் வேகத்தில் டியூப் நசுங்கிக் கிழிவதோடு ரிம்மும் நெளியும். டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் இல்லாத சக்கரத்தில் 18-க்கும் கீழே குறைத்தால் டயர் ரிம்மின் மேல் வழுக்கி வால்வைப் பிய்த்துவிடும். தார்ச்சாலையில் ஏறுமுன் உடன் வரும் துணை வண்டியிலுள்ள கம்ப்ரசரால் மீண்டும் காற்றை நிரப்பிவிட வேண்டும்.